பிறந்த குழந்தைக்கும் பக்கவாதம் வரும்... ஸ்கேனில் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கடினம்?

முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, ஒரு கை தளர்ந்து விழுகிறதா, பேச்சு குழறுகிறதா? பக்கவாதத்தை அடையாளம் காண உதவும் இந்த மூன்று கேள்விகளையும் மருத்துவமனைச் சுவர்களில் பார்த்திருப்போம். இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்பது இன்று பலருக்கும் தெரியும்.

பிறந்து இரண்டு நாளே ஆன குழந்தைக்கு இந்தக் கேள்விகள் எதுவும் பொருந்தாது. அதற்குப் பேச்சு இல்லை. கையைத் தூக்கச் சொன்னால் புரியாது. சிரிக்கச் சொல்லி முகத்தைப் பார்க்கவும் வழியில்லை. நாளின் பெரும்பகுதி தூக்கத்திலேயே கழியும். அதனால்தான் பச்சிளம் குழந்தையின் மூளையில் பக்கவாதம் ஏற்படும்போது, பக்கத்திலேயே படுத்திருக்கும் தாய்க்குக்கூட அது தெரியாமல் போகிறது.

"பக்கவாதம் வயதானவர்களுக்கு வருவதுதானே?" என்று கேட்பவர்களே அதிகம். ஆனால், குழந்தைப் பருவத்தில் பக்கவாத ஆபத்து மிக அதிகமாக இருப்பது பிறந்த முதல் வாரத்தில்தான். கர்ப்பத்தின் 20-வது வாரத்திலிருந்து பிறந்த 28-வது நாள் வரை ஏற்படும் பக்கவாதத்தை மருத்துவர்கள் ஒரே வகையாகப் பார்க்கிறார்கள். இதில் மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனி அடைபடும் வகை மட்டும், சுமார் 2,300 முதல் 5,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருவதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. கனடாவின் ஆல்பெர்ட்டா மாகாணத்தில் எல்லா வகைகளையும், தாமதமாகத் தெரியவந்த குழந்தைகளையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். 2020-ல் வெளியான அந்த ஆய்வின்படி, சுமார் 1,100 குழந்தைகளில் ஒருவருக்கு இந்தப் பாதிப்பு இருக்கிறது.

பெரிய மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் ஆண்டுக்குப் பல ஆயிரம் பிரசவங்கள் நடக்கின்றன. அப்படிப் பார்த்தால் இது எங்கோ எப்போதோ நடக்கும் அபூர்வம் அல்ல.

எங்கிருந்து வருகிறது ரத்தக்கட்டி?

பெரியவர்களுக்கு சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் என்று காரணங்களை அடுக்கலாம். பிறந்த குழந்தையின் கதை வேறு.

பிரசவத்தின்போது அதிக ரத்தம் போய்விடாமல் இருக்க, தாயின் ரத்தம் இயல்பாகவே சற்று எளிதில் உறையும் நிலைக்கு வருகிறது. குழந்தையின் ரத்தமும் அந்த நாள்களில் எளிதில் உறையக்கூடியது. நஞ்சுக்கொடியில் சிறிய ரத்தக்கட்டிகள் உருவாகலாம். கருவில் இருக்கும் குழந்தையின் இதயத்தில், மேலறைகள் இரண்டுக்கும் நடுவே இயற்கையாகவே ஒரு திறப்பு இருக்கும். பிறந்த பிறகுதான் அது மெல்ல மூடிக்கொள்ளும். அது மூடுவதற்குள் அந்த வழியாக ஒரு கட்டி கடந்துவிட்டால், நுரையீரலுக்குப் போய் வடிகட்டப்படாமல் நேரே மூளைக்குப் போய்விடலாம்.

பிறவி இதயக் கோளாறு, தொற்று, தாயின் உயர் ரத்த அழுத்தம், நீண்ட நேரம் நீடித்த பிரசவ வலி என்று ஆபத்தைக் கூட்டும் காரணிகள் சில உண்டு. ஆனால், பல குழந்தைகளில் 'இதுதான் காரணம்' என்று ஒன்றைக் காட்ட முடிவதில்லை. துப்பு தரக்கூடிய நஞ்சுக்கொடியும் கைவசம் இருக்காது. குழந்தைக்கு முதல் அறிகுறி தெரிவதற்குள் பெரும்பாலும் அது அப்புறப்படுத்தப்பட்டிருக்கும்.

முதல் துப்பு, வலிப்பு

நல்லபடியாகப் பிறந்து, நன்றாக அழுது, பாலும் குடித்த குழந்தைக்கு முதல் மூன்று நாள்களுக்குள் திடீரென ஒரு கை அல்லது ஒரு கால் மட்டும் விட்டுவிட்டுத் துடிக்கிறது. பச்சிளம் குழந்தைப் பக்கவாதத்தின் மிகப் பொதுவான முதல் அறிகுறி இதுதான். சில குழந்தைகளுக்குத் துடிப்பும் இருக்காது. மூச்சு சில விநாடி நின்று நின்று வரும், சோர்ந்து கிடக்கும், பால் குடிக்காது.

சிக்கல் என்னவென்றால், இதே அறிகுறிகள் வேறு பல பிரச்னைகளிலும் வரும். ரத்தத்தில் சர்க்கரையோ கால்சியமோ குறைந்தாலும் வலிப்பு வரும். மூளைக்காய்ச்சலிலும் வரும். பிரசவத்தின்போது ஆக்ஸிஜன் கிடைக்காமல் மூளை பாதிக்கப்பட்டாலும் வரும். நிறைமாதக் குழந்தைகளின் வலிப்புக்கு ஆக்ஸிஜன் குறைபாடுதான் முதல் காரணம். அதற்கு அடுத்த இடத்தில் பக்கவாதம் இருக்கிறது.

எனவே, மருத்துவர்கள் முதலில் சர்க்கரை அளவைப் பார்ப்பார்கள், ரத்தப் பரிசோதனைகள் செய்வார்கள், தொற்று இருக்கிறதா என்று தேடுவார்கள். உடனே சரிசெய்யக்கூடியவற்றை முதலில் பார்ப்பதுதான் முறை. வெளியே எந்தத் துடிப்பும் தெரியாமல் மூளைக்குள் மட்டும் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம் என்பதால் இ.இ.ஜி பரிசோதனையும் தேவைப்படும். இவற்றோடு மூளையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். எந்த ஸ்கேன், எந்த நாளில் என்ற கேள்வி அங்குதான் வருகிறது.

உச்சிக்குழி வழியாக ஒரு பார்வை

பிறந்த குழந்தையின் உச்சந்தலையில் எலும்பு மூடாத மென்மையான இடம் ஒன்று இருக்கும். உச்சிக்குழி என்று நம் வீடுகளில் சொல்வது அதைத்தான். அல்ட்ராசவுண்ட் கருவியை அங்கே வைத்தால், ஒலி அலைகள் எலும்பின் தடையில்லாமல் மூளைக்குள் போய்த் திரும்பும். குழந்தையை இன்குபேட்டரை விட்டு வெளியே எடுக்க வேண்டாம், கதிர்வீச்சு இல்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். குறைமாதக் குழந்தைகளுக்கு மூளையின் நடுப்பகுதியில் ஏற்படும் ரத்தக்கசிவைக் கண்டுபிடிப்பதில் இந்த ஸ்கேன் கெட்டிக்காரர்.

ஆனால், பக்கவாதத்தில் இதன் பார்வை மங்கல். ஒரு சிறிய ஜன்னல் வழியாகப் பெரிய அறையைப் பார்ப்பதைப்போல, நேர் எதிரே இருப்பது நன்றாகத் தெரியும், ஓரங்கள் தெரியாது. மூளையின் ஓரப் பகுதிகளில்தான் பக்கவாதத்தின் பாதிப்பு பெரும்பாலும் படர்ந்திருக்கும். மேலும், அடைப்பு ஏற்பட்ட முதல் ஓரிரு நாள்களில் பாதிக்கப்பட்ட திசுவுக்கும் நல்ல திசுவுக்கும் இந்தப் படத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. சில நாள்கள் கழித்து எடுத்தால் ஓரளவு தெரியவரும்.

ஆக, 'தலை அல்ட்ராசவுண்ட் நார்மல்' என்று வந்தால் அது நல்ல செய்திதான். ஆனால், வலிப்பு வந்த குழந்தைக்குப் பக்கவாதமே இல்லை என்று அதை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது.

சி.டி ஸ்கேன் ஏன் கைகொடுப்பதில்லை?

பெரியவர்களுக்குப் பக்கவாதம் என்றால் முதலில் எடுப்பது சி.டி ஸ்கேன். குழந்தைக்கும் அதையே எடுத்தால் என்ன?

முதல் தடை கதிர்வீச்சு. வளரும் மூளைக்கு முடிந்தவரை அதைத் தவிர்க்கவே மருத்துவர்கள் நினைப்பார்கள். இரண்டாவது, பிறந்த குழந்தையின் மூளையில் நீர்ச்சத்து மிக அதிகம். அடைப்பால் பாதிக்கப்பட்ட இடத்தில் ஏற்படும் நீர்வீக்கமே சி.டி-யில் கருமையாகத் தெரிய வேண்டியது. சுற்றிலும் இருக்கும் ஆரோக்கியமான மூளையே நீர் நிறைந்திருந்தால், வீக்கத்தை எப்படித் தனித்துக் காண்பது? நனைந்த துணியில் புதிதாக விழுந்த நீர்த்துளியைத் தேடுவதைப் போன்றது இது. அவசரமாக ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்கவும், எம்.ஆர்.ஐ வசதி இல்லாத இடங்களிலும் சி.டி உதவும். மற்றபடி, தமனி அடைப்பை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க இது சிறந்த வழி அல்ல.

எம்.ஆர்.ஐ-க்கும் ஒரு கெடு

பச்சிளம் குழந்தைப் பக்கவாதத்தை உறுதிசெய்ய இன்று இருக்கும் மிகச் சிறந்த வழி எம்.ஆர்.ஐ. அதிலும் 'டிஃப்யூஷன்' என்ற படமுறை. மூளைத் திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்பதை இது காட்டும். ரத்தம் கிடைக்காத செல்கள் வீங்கும்போது, அங்கே நீரின் ஓட்டம் தடைபடும். அந்த இடம் படத்தில் வெள்ளையாகப் பளிச்சிடும். இந்த ஒரு படமுறைக்கு ஆகும் நேரம் ஓரிரு நிமிடங்கள்தான்.

ஆனால், இதற்கு ஒரு கெடு இருக்கிறது. பாதிப்பு ஏற்பட்ட 2 முதல் 4 நாள்களில் இந்த வெளிச்சம் உச்சத்தில் இருக்கும். ஒரு வாரம் ஆகும்போது சிதைந்த செல்களின் சுவர்கள் உடைந்து, தேங்கிய நீர் மறுபடி நகரத் தொடங்கும். அப்போது டிஃப்யூஷன் படம் ஏறக்குறைய இயல்பானதுபோலத் தெரியலாம். தெருவில் தேங்கிய வெள்ளம் வடிந்துவிட்டால், வீடுகளுக்குள் நடந்த சேதம் வெளியே தெரியாதல்லவா, அப்படி. இதை 'போலி இயல்புநிலை' என்கிறார்கள். சேதம் அங்கேயேதான் இருக்கும், படம் மட்டும் காட்டாது. அதனால், தாமதமாக எடுக்கும்போது மற்ற எம்.ஆர்.ஐ படமுறைகளையும் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும்.

அந்தப் படங்களைப் படிப்பதும் எளிதல்ல. பெரியவர்களின் மூளையில் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கும். பிறந்த குழந்தைக்கு அது பெரும்பாலும் உருவாகியிருக்காது. அதனால் பெரியவர்களின் படத்தில் வெளுப்பாகத் தெரிவது இங்கே கருமையாகவும், கருமையாகத் தெரிவது வெளுப்பாகவும் மாறித் தெரியும். பச்சிளம் குழந்தைகளின் மூளைப் படங்களைப் பார்த்துப் பழகிய கண்கள் இதற்குத் தேவை.

எந்த நாளில் எடுத்த படம் என்பதைக் குறிப்பிடாமல், 'எம்.ஆர்.ஐ நார்மல்' என்ற வரியை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாது என்பது இதனால்தான்.

3 கிலோ குழந்தையை அசையாமல் படுக்கவைப்பது எப்படி?

எம்.ஆர்.ஐ அறையின் சத்தம் 100 டெசிபலைத் தொடும். முழுப் பரிசோதனைக்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். இடையில் குழந்தை தலையைத் திருப்பினாலே படம் கலங்கிவிடும்.

மயக்க மருந்து கொடுக்கலாம்தான். ஆனால், பிறந்து சில நாள்களே ஆன, ஏற்கெனவே வலிப்பு மருந்து போய்க்கொண்டிருக்கும் குழந்தைக்கு அது மூச்சைப் பாதிக்கலாம். எனவே, உலகின் பல மருத்துவமனைகள் நம் பாட்டிகளுக்குத் தெரிந்த வழியையே கையாள்கின்றன. ஸ்கேனுக்குச் சற்று முன்பாகக் குழந்தைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் இறுகச் சுற்றி, காதுகளுக்குச் சத்தம் தடுக்கும் உறை போட்டுவிட்டால், குழந்தை தானாகத் தூங்கிவிடும். அந்தத் தூக்கத்துக்குள் படம் எடுத்துவிடுவார்கள்.

உடல்நிலை மோசமாக இருக்கும் குழந்தைக்கு இது போதாது. வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தையை ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோக, காந்தப் புலத்தில் இயங்கக்கூடிய தனிக் கருவிகள் வேண்டும். வழியில் உடல் குளிர்ந்துவிடக் கூடாது. கூடவே ஒரு மருத்துவரும் செவிலியரும் போக வேண்டும். குழந்தை நிலைப்படும் வரை காத்திருந்தால், படத்துக்கான நல்ல நாள்கள் கடந்துபோகலாம். ஆக்ஸிஜன் குறைபாட்டுக்காக 72 மணி நேரம் உடலைக் குளிர்விக்கும் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளுக்கும் ஸ்கேன் பெரும்பாலும் அது முடிந்த பிறகே எடுக்கப்படுகிறது.

இந்தச் சிக்கலைக் குறைக்க, ஸ்கேனரையே குழந்தையிடம் கொண்டுவரும் முயற்சிகள் நடக்கின்றன. பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே வைக்கக்கூடிய சிறிய எம்.ஆர்.ஐ இயந்திரத்துக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2017-ல் அனுமதி தந்தது. படுக்கைக்கு அருகே தள்ளிக்கொண்டு வரக்கூடிய, குறைந்த காந்த ஆற்றலில் இயங்கும் எம்.ஆர்.ஐ-க்கு 2020-ல் அனுமதி கிடைத்தது. இவற்றின் படத் தெளிவு பெரிய இயந்திரங்களுக்கு ஈடாகாது. சிறிய பாதிப்புகளை இவை தவறவிடாமல் காட்டுமா என்பதே இப்போதைய ஆராய்ச்சி.

கண்டுபிடித்து என்ன பயன்?

பெரியவர்களுக்கு முதல் சில மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம், கட்டியை அகற்றலாம். பிறந்த குழந்தைகளுக்கு இவை வழக்கமான சிகிச்சை அல்ல. பக்கவாதம் எந்த மணி நேரத்தில் நடந்தது என்பதே பெரும்பாலும் தெரியாது. ரத்தக்கசிவு ஆபத்தும் இருக்கிறது. 'அப்படியானால் எதற்கு இவ்வளவு அவசரமாக ஸ்கேன்?' என்று கேட்கத் தோன்றும்.

காரணங்கள் பல. வலிப்புக்கு என்ன காரணம் என்று தெரிந்தால் தேவையற்ற மருந்துகளைக் குறைக்கலாம். அடைப்பு தமனியில் இல்லாமல், மூளையிலிருந்து ரத்தத்தை வெளியேற்றும் சிரையில் இருந்தால், சில குழந்தைகளுக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து தேவைப்படும். கட்டி இதயத்திலிருந்து வந்ததா என்று பார்க்க எக்கோ எடுக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த சில ஆண்டுகளை அந்தப் படம் முன்கூட்டியே சொல்கிறது. மூளையிலிருந்து கை, கால்களுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புப் பாதை முதல் வாரத்து டிஃப்யூஷன் படத்தில் பளிச்சிட்டால், அந்தக் குழந்தைக்குப் பிற்காலத்தில் ஒரு பக்கக் கை, கால் பலவீனம் வரும் வாய்ப்பு அதிகம். அந்தப் பாதை தப்பியிருந்தால் வாய்ப்பு குறைவு. யாருக்குச் சில மாதங்களிலேயே பயிற்சி தொடங்க வேண்டும் என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும்.

சிகிச்சைக்கான தேடலும் தொடங்கியிருக்கிறது. நெதர்லாந்தில் பக்கவாதம் உறுதியான 10 குழந்தைகளுக்கு மூக்கு வழியாக ஸ்டெம் செல் சொட்டுகள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022-ல் 'தி லான்செட் நியூராலஜி' இதழில் வெளியானது. அறிகுறி தெரிந்த 7 நாள்களுக்குள் கொடுக்கப்பட்ட அந்தச் சொட்டுகள் பாதுகாப்பானவையா என்று பார்ப்பதே அதன் நோக்கம். பலன் தருகிறதா என்பது பெரிய ஆய்வுகளில்தான் தெரியும். இதை வைத்து, 'ஸ்டெம் செல்லில் குணப்படுத்துகிறோம்' என்று பணம் கேட்பவர்களிடம் போய்விடக் கூடாது. இந்தியாவின் 2017-ம் ஆண்டு தேசிய வழிகாட்டுதல், ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையைத் தவிர, மற்றவற்றை ஆய்வாக மட்டுமே செய்ய வேண்டும் என்கிறது.

'தாத்தா மாதிரி இடது கைப் பழக்கம்!'

முதல் வாரத்தில் எந்த அறிகுறியும் காட்டாத குழந்தைகளும் இருக்கிறார்கள். வலிப்பு வராது, யாரும் ஸ்கேன் எடுத்திருக்க மாட்டார்கள். 4 முதல் 6 மாதத்தில் குழந்தை கிலுகிலுப்பைக்குக் கையை நீட்டத் தொடங்கும்போதுதான் பிரச்னை வெளியே வரும்.

இந்தப் பக்கவாதம் மூளையின் இடது பக்கத்தையே அதிகம் தாக்குகிறது. இடது மூளை இயக்குவது வலது கையை. எனவே வலது கை தயங்கும், குழந்தை எதற்கும் இடது கையையே நீட்டும். வீட்டில் அதைப் பார்த்து, 'தாத்தா மாதிரி இடது கைப் பழக்கம்' என்று சிரித்துவிட்டுப் போவார்கள். ஆனால், ஒரு வயதுக்குள் எந்தக் குழந்தைக்கும் கைப் பழக்கம் நிலைப்படுவதில்லை. இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதே இயல்பு. ஒரு கையை மட்டும் பிடிவாதமாகப் பயன்படுத்தினால், மற்ற கையைத்தான் கவனிக்க வேண்டும்.

அப்போது எடுக்கும் எம்.ஆர்.ஐ பழைய தழும்பைக் காட்டும். தாமதம்தான், ஆனால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நன்றாக இருக்கும் கைக்கு மென்மையான உறை போட்டு, தயங்கும் கையை விளையாட்டின் மூலம் பயன்படுத்தவைக்கும் பயிற்சி இன்று பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. வளரும் மூளைக்குத் தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும் திறன் அதிகம். பிறந்தபோது இடது மூளையில் பக்கவாதம் வந்தவர்களை வளர்ந்த பிறகு ஆராய்ந்த அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகக் குழு, வழக்கமாக இடது மூளை செய்யும் மொழி வேலையை அவர்களுக்கு வலது மூளை ஏற்றுக்கொண்டு செய்வதைக் கண்டறிந்தது.

தமிழகத்தில் இந்தப் பயிற்சிகளுக்கு எங்கே போவது? பிறந்த குழந்தை முதல் 18 வயது வரையிலானவர்களுக்கான தேசிய சிறார் நலத் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது. அதன்கீழ் மாவட்ட அளவில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி போன்ற சேவைகள் கிடைக்கின்றன. அவசர நிலையில் பெரிய மருத்துவமனைக்கு மாற்ற, 108 சேவையில் பச்சிளம் குழந்தைகளுக்கென்றே தனி ஆம்புலன்ஸ்கள் இருக்கின்றன.

பெற்றோர் கவனிக்க...

* தூக்கத்தில் குழந்தை சிரிப்பது, முகம் சுளிப்பது இயல்பு. 'நரி விரட்டுது' என்பார்களே, அது பயப்பட வேண்டியதல்ல. குளிரிலோ அழும்போதோ கை, கால் நடுங்கினால் மெல்லப் பிடித்துப் பாருங்கள். நடுக்கம் என்றால் நின்றுவிடும். பிடித்த பிறகும் ஒரே தாளத்தில் துடித்தால் வலிப்பாக இருக்கலாம்.

* வலிப்புபோலத் தெரிந்தால் ஒருவர் குழந்தையைப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்ள, மற்றவர் செல்போனில் வீடியோ எடுக்கலாம். மருத்துவருக்கு அது பெரிய உதவி. வீடியோவுக்காகத் தாமதிக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

* 'மாந்தம்', 'ஜன்னி' என்று வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்கக் கூடாது. கையில் இரும்பைத் திணிப்பதோ, வாயில் எதையாவது ஊற்றுவதோ கூடாது.

* ஸ்கேன் எடுத்தால், எந்த ஸ்கேன், பிறந்த எத்தனையாவது நாளில் எடுத்தது என்பதைக் குறித்துவைத்து, அறிக்கையையும் படங்களையும் பத்திரப்படுத்துங்கள். எம்.ஆர்.ஐ-யில் கதிர்வீச்சு இல்லை.

* 4 மாதத்துக்குப் பிறகும் ஒரு கை மட்டும் கட்டைவிரலை உள்ளே மடக்கி மூடியே இருந்தாலோ, ஒரு கால் மட்டும் குறைவாக உதைத்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். 6, 10, 14 வாரத் தடுப்பூசிக்குப் போகும் நாள்களும் இதைக் கேட்க நல்ல சந்தர்ப்பம்.

இவை எல்லாவற்றோடும் வீட்டில் உள்ளவர்கள் மனதில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. குழந்தைக்குப் பக்கவாதம் என்று தெரிந்ததும், 'கர்ப்பமாக இருக்கும்போது இவள் என்ன செய்தாளோ' என்ற பேச்சு எழும். தாய் எதைச் சாப்பிட்டார், எப்படிப் படுத்தார், எங்கே போனார் என்பதால் வருவதல்ல இது. இந்தக் குழந்தைகள் பெரும்பாலோருக்கு மறுபடி பக்கவாதம் வருவதில்லை. அடுத்த பிள்ளைக்கும் இது வரும் வாய்ப்பு மிகக் குறைவு. பழி சொல்வதில் செலவாகும் நேரத்தில், அந்தச் சின்னக் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்து விளையாடவைத்தால் அது குழந்தைக்கு நிஜமாகவே உதவும்.